நீலிக்கண்ணீரும் ஒரு ஐப்பசிச் சனிக்கிழமையும்

அக்டோபர் வந்தால் எங்கள் தெருவே சுடுகாடு ஆகிவிடும். அமெரிக்காவில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுப் புல்வெளியில் பிளாஸ்டிக் எலும்புக்கூடு, எதிர்வீட்டு வாசலில் பூசணிக்காய்க்குள் விளக்கு. நம் ஊரில் பூசணிக்காயை நடுத்தெருவில் உடைத்துவிட்டு, அடுத்தவன் வண்டி வழுக்கி விழுவதைப் பற்றிக் கவலைப்படாமல் போய்விடுவோம். இவர்கள் வாசலில் வைத்து அழகு பார்க்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம் :-)

2022 அக்டோபரில் தங்கமணியையும் மகளையும் கூட்டிக்கொண்டு சேலம் போனேன். மாம்பழச் சேலம் இல்லை, மாசசூசெட்ஸ் சேலம். பாஸ்டனுக்கு வடக்கே கடலோர ஊர். 1692-இல் சூனியக்காரிகள் என்று சொல்லி 19 பேரைத் தூக்கில் போட்ட ஊர். அதில் 14 பேர் பெண்கள். ஜைல்ஸ் கோரி என்ற கிழவர் விசாரணைக்கு வாய் திறக்க மறுத்தார் என்பதற்காக, அவர் மேல் கல்லாக அடுக்கி நசுக்கியே கொன்றார்கள். இன்று அந்த ஊருக்கு அதுதான் சுற்றுலா வருமானம். கடைக்குக் கடை கூம்புத் தொப்பியும் துடைப்பமும் விற்கிறார்கள்.

அப்படி ஒரு கடை வாசலில்தான் மகள் தொப்பி கேட்டு அடம்பிடித்தாள். அப்போது ஒன்பது வயது. விலையைப் பார்த்ததும் நான் மறுக்க, கண்ணீர் வந்துவிட்டது. உடனே என் வாயில் எங்கள் அம்மா புகுந்து, "நீலிக்கண்ணீர் வடிக்காதே" என்றாள்.

அழுகையை நிறுத்திவிட்டு மகள் கேட்டாள், "நீலி யாருப்பா? அவளும் விட்சா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நாற்பது வருஷமாகக் கேட்டும் சொல்லியும் வந்த வார்த்தை. பொய் அழுகை என்று அர்த்தம் தெரியும். அழுதது யார், ஏன் அழுதாள் என்று யோசித்ததே இல்லை. "அப்புறம் சொல்றேன்" என்றேன். அப்பாக்களின் அகராதியில் அதற்கு "எனக்குத் தெரியாது" என்று பொருள்.

அந்தக் கடன் அடுத்த வருஷம்தான் தீர்ந்தது. 2023 அக்டோபரில் இரண்டு வாரம் ஆணி பிடுங்க திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்கு அனுப்பினார்கள். கல்லூரி நண்பன் ஒருவன் அங்கேதான் இருக்கிறான். தக்கலைப் பக்கத்துக்காரன். சேலம் கதையைச் சொன்னதும் அவன் கேட்டான்: "பேய் பாக்க அவ்ளோ தூரம் போனியா மக்கா? நம்ம ஊர்ல ஒரு ரோடு முழுக்க இருக்குலே. சனிக்கிழம காலைல ரெடியா இரு."

சனிக்கிழமை ஏழு மணிக்குக் காரில் கிளம்பினோம். விஜயதசமி முடிந்த வாரம். ஐப்பசி பிறந்திருந்தது. அங்கே துலா மாதம் என்பார்கள். காலையில் வெயில் சுள்ளென்று அடிக்கும், மதியத்துக்கு மேல் இடியோடு மழை கொட்டும். கரமனை, பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை. தக்கலைக்கு 55 கிலோமீட்டர்தான். ஆனால் ரோடு ரோடு மாதிரி இருக்காது, ஒரே நீளமான கடைத்தெரு மாதிரி இருக்கும்.

இந்த வழியில்தான் யட்சி இருந்தாளாம். கொட்டாரத்தில் சங்குண்ணி எழுதிய 'ஐதிஹ்யமாலை'யில் கடமற்றத்துக் கத்தனார் கதை வருகிறது. திருவனந்தபுரத்துக்கும் பத்மநாபபுரத்துக்கும் நடுவில் காடாக இருந்த பாதையில், அழகான பெண் வடிவத்தில் நின்று வழிப்போக்கர்களிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பாள். கொடுத்தவன் வீடு திரும்ப மாட்டான். மந்திரவாதப் பாதிரியாரான கத்தனார் அவள் தலையில் ஆணி அடித்து, கட்டுப்படுத்தி, கூட்டிக்கொண்டு போய்விட்டார் என்று கதை.

"அவ ஏன் யட்சி ஆனா?" என்று கேட்டேன்.

"அத யாரும் கேக்க மாட்டான் மக்கா. ஆணி எப்டி அடிச்சார்னுதான் கேப்பான்."

நண்பன் விளையாட்டாகத்தான் சொன்னான். எனக்கு அன்று முழுக்க அது மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது.

பத்மநாபபுரம் அரண்மனை ஒன்பது மணிக்குத் திறக்கிறது (திங்கட்கிழமை விடுமுறை, லீவில் ஊருக்குப் போகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்). கல்குளம் என்பது ஊரின் பழைய பெயர். வேணாட்டு ராஜாக்களின் தலைநகரம். 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்ட வர்மா அரண்மனையை விரிவாக்கி, ஊருக்குப் பத்மநாபபுரம் என்று பெயர் வைத்தார். 1795-இல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறியது. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்களைப் பிரித்தபோது கல்குளம் தாலுகா தமிழ்நாட்டுக்கு வந்தது. ஆனால் அரண்மனை நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறையிடமே இருக்கிறது. தமிழ்நாட்டு மண்ணில் நின்றுகொண்டு கேரள அரசின் டிக்கெட் வாங்கலாம்.

முழுக்க மரம். பூமுகத்தின் மேற்கூரையில் 90 தாமரைகள், ஒன்று மாதிரி இன்னொன்று இல்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும் அப்படியே நிற்கும் குதிரை விளக்கு. இரண்டாயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடும் ஊட்டுப்புரை. கண்ணாடி மாதிரி பளபளக்கும் கருப்புத் தரை. வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே அரை இருட்டு, ஆளை அசத்தும் குளிர்ச்சி. தாழ்ந்த நிலைப்படிகளில் ராஜாவும் குனிந்துதான் போயிருப்பார். நான் குனியாமல் இரண்டு முறை இடித்துக்கொண்டேன்.

'மணிச்சித்ரதாழ்' (1993) படத்தின் ஒரு பகுதியை இங்கே எடுத்தார்கள். 2005-இல் தமிழில் 'சந்திரமுகி'யாக வந்ததே, அதுதான். மலையாள மூலத்தில் அந்தப் பேயின் பெயர் நாகவல்லி. தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்ட நடனக்காரி. தறவாட்டுக் காரணவர் அவளைக் கொன்றுவிடுகிறார். பேயாக வந்தாலும் தமிழில்தான் பேசுவாள்! வெளியூரில் செத்த தமிழச்சி, ஆவியான பிறகும் தாய்மொழியை விடவில்லை. புலம்பெயர்ந்த நமக்கு இதைவிட நெருக்கமான பேய் யார்? :-)

சிரித்துக்கொண்டே அருங்காட்சியகப் பக்கம் வந்தோம். அங்கே சிரிப்பு நின்றது. மனித உடம்பின் அளவுக்கு இரும்புப் பட்டைகளால் செய்த ஒரு கூண்டு. தண்டனை பெற்றவனை அதற்குள் அடைத்துத் தொங்கவிடுவார்களாம். வெயிலும் பசியும் பறவைகளும் மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். பக்கத்தில் நின்ற ஒரு சின்னப் பையன், "இதுக்குள்ள எப்டிம்மா தூங்குவாங்க?" என்று கேட்டான். அம்மா இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

மார்த்தாண்ட வர்மா பட்டத்துக்கு வந்த கதையும் ரத்தக் கதைதான். மருமக்கள்தாயம், அதாவது ராஜாவின் சகோதரி மகனுக்குத்தான் பட்டம். முந்தைய ராஜாவின் சொந்த மகன்களான தம்பிமார், பப்புத் தம்பியும் ராமன் தம்பியும், எதிர்த்துக் கிளம்பினார்கள், கொல்லப்பட்டார்கள். அவர்களுக்குத் துணை நின்ற எட்டு வீட்டுப் பிள்ளைமார்களுக்கும் மரண தண்டனை. வீடுகள் தரைமட்டம். அவர்கள் மனைவி மக்களைக் கடற்கரை மீனவர்களிடம் விற்றார்கள் என்று திருவிதாங்கூர் வரலாறு எழுதியவர்களே பதிவு செய்திருக்கிறார்கள்.

எட்டு வீட்டில் ஒன்று கழக்கூட்டம். நான் இரண்டு வாரம் உட்கார்ந்து கோடு தட்டிய டெக்னோபார்க் இருக்கும் அதே கழக்கூட்டம். தினமும் அந்த மண்ணில் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, லிஃப்ட் ஏறிப் போயிருக்கிறேன்.

ஜெயித்தவர் பக்கத்துக் கதையை சி.வி. ராமன் பிள்ளை 1891-இல் 'மார்த்தாண்டவர்மா' என்று நாவலாக எழுதினார். தோற்ற தம்பிமார் கதையைக் குமரி மாவட்டத்து வில்லுப்பாட்டுக்காரர்கள் பாடினார்கள். அதில் தம்பிமார்தான் வீரர்கள். ஆக, ஆண்களுக்கு இரண்டு பக்கமும் சொல்ல ஆள் இருந்தது. கடற்கரையில் விற்கப்பட்ட பெண்களின் பெயர் நான் படித்த எதிலும் இல்லை.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு புலியூர்குறிச்சி உதயகிரிக் கோட்டை. 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், பிறகு மார்த்தாண்ட வர்மாவிடமே சேர்ந்து படையைப் பயிற்றுவித்த இடம். 1777-இல் இறந்தார், கோட்டைக்குள்ளேயே புதைத்தார்கள். கூரை இல்லாத சின்னக் கட்டடத்துக்குள் கல்லறை. கல்லில் லத்தீனும் தமிழும். ஐரோப்பாவில் பிறந்து, பிழைக்க வந்த ஊரிலேயே மண்ணாகிப்போன மனிதர். விசா நீட்டிப்புக்காகக் காத்திருக்கும் எனக்கு அங்கே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும் போல இருந்தது.

அந்த டிலனாயின் பழக்கத்தால் 1745-இல் கிறிஸ்தவரானவர் அரண்மனை அதிகாரி நீலகண்டப் பிள்ளை. தேவசகாயம் என்று பெயர் மாற்றிக்கொண்டார். 1749-இல் கைதாகி, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று வாடிகன் அவரைப் புனிதராக அறிவித்தது. கொன்று 270 வருஷம் கழித்து.

இதைக் கேட்டதும் எனக்கு மாசசூசெட்ஸ் சேலம் ஞாபகம் வந்தது. எலிசபெத் ஜான்சன் என்ற பெண் அந்த விசாரணைகளில் சூனியக்காரி என்று தீர்ப்பாகி, தூக்கிலிருந்து மட்டும் தப்பியவர். மற்றவர்களின் பெயரையெல்லாம் பிற்காலத்தில் சட்டம் போட்டுத் துடைத்தபோது இவர் பெயர் விட்டுப்போய்விட்டது. ஒரு பள்ளிக்கூடத்து எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எடுத்துக் கேட்டு, அதே 2022-இல்தான் அவரும் குற்றமற்றவர் ஆனார். சேலத்தில் ஒரு நினைவிடம் உண்டு, 1992-இல் திறந்தது. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் 20 கல் பெஞ்சுகள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயரும் செத்த தேதியும். தொப்பிக் கடைகளில் இருந்த கூட்டம் அங்கே இல்லை.

"சரி, இனி நீ கேட்ட ஆளப் பாக்கப் போவோம்" என்று நண்பன் வண்டியை நாகர்கோவில் பக்கம் திருப்பினான். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. பார்வதிபுரத்தை நெருங்கும்போது, "இதான் கள்ளியங்காடு, பஞ்சவங்காடுன்னும் சொல்லுவாவ" என்று கை காட்டினான். கள்ளியும் இல்லை, காடும் இல்லை. வீடுகள், மருந்துக்கடை, மேம்பாலம். மழை பிடித்துக்கொண்டது. வைப்பர் தடதடக்க, அவன் பாட்டி சொன்ன நீலி கதையைச் சொல்ல ஆரம்பித்தான்.

கார்வேணி என்ற தேவதாசியின் மகள் அல்லி. நம்பி என்ற கோயில் பூசாரி, சொத்துக்காக அவளைக் கட்டினான். பணம் கரைந்ததும் தாய்க்காரி அவனைத் துரத்திவிட்டாள். வயிற்றுப் பிள்ளையோடு அல்லி அவன் பின்னாலேயே போனாள். கள்ளியங்காட்டில் களைத்துப்போய் அவன் மடியில் தலை வைத்துத் தூங்கினாள. அவன் மெதுவாகத் தலையைத் தூக்கி மண்ணில் வைத்து, ஒரு கல்லை எடுத்துப் போட்டான். நகைகளை எடுத்துக்கொண்டு நடந்தான். பார்த்த சாட்சி கள்ளிச்செடி மட்டும்.

மறுபிறவியில் அவள் நீலி, அவன் வியாபாரி. அதே காட்டு வழியில் வருகிறான். நீலி எதிரே வந்து சுண்ணாம்பு கேட்கிறாள். அவன் பயந்து ஊருக்குள் ஓடுகிறான். அவள் ஒரு கள்ளிக்கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊர்ப் பெரியவர்கள் முன்னால் நின்று அழுகிறாள்: இவர் என் புருஷன், இது இவர் பிள்ளை, என்னை விட்டுவிட்டு ஓடுகிறார். அந்த அழுகைதான் நீலிக்கண்ணீர். நம்பிவிட்டார்கள். இருவரையும் ஒரே வீட்டில் தங்க வைத்தார்கள். காலையில் அவன் பிணம்.

இதே கதை வடக்கே திருவாலங்காட்டுக்குப் பக்கத்துப் பழையனூரிலும் உண்டு. அங்கே அந்த வணிகனின் உயிருக்குப் பொறுப்பேற்ற 70 வேளாளர்கள், வாக்குத் தவறியதற்காகத் தீயில் இறங்கினார்கள். திருஞானசம்பந்தர் திருவாலங்காட்டுப் பதிகத்தில் இதைத் தொட்டுச் செல்கிறார் என்பார்கள். அப்படியென்றால் ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்குக் குறையாத கதை. 70 பேரின் சொல் தவறாமையைப் போற்றுகிறோம், சரிதான். ஆனால் வழக்கு எங்கே ஆரம்பித்தது? ஒரு கர்ப்பிணியின் தலையில் விழுந்த கல்லில்.

யோசித்துப் பாருங்கள். சபையில் அவள் சொன்னதில் பொய் எது? குழந்தை பொய். அந்தப் பிறவியில் அவன் புருஷன் இல்லை, அதுவும் பொய். ஆனால் அவன் தன்னைக் கொன்றவன் என்பதை எந்தச் சபையில் சொல்லியிருக்க முடியும்? உண்மையைச் சொன்னால் எடுபடாது என்பதால் பொய்யை அழுதாள். கொன்றவன் பெயரில் நம் மொழியில் ஒரு பழிச்சொல்லும் இல்லை. செத்தவளின் கண்ணீருக்குத்தான் பொய் என்று பெயர் வைத்து, அதைப் பிள்ளைகளை அதட்டப் பயன்படுத்துகிறோம். சேலத்துக் கடைக்காரன் தொப்பி விற்கிறான் என்று சிரித்த நான், கடை வாசலிலேயே நின்று இதைச் சொல்லியிருக்கிறேன்.

ஆரல்வாய்மொழி தாண்டி, காற்றாலைகளுக்கு நடுவே முப்பந்தல். மழை விட்டிருந்தது. "இறங்குலே, நீலியப் பாரு" என்றான் நண்பன்.

"இது இசக்கியம்மன் கோயில்லா?"

"பின்ன? நீலி யாரு, இசக்கி யாரு? ரெண்டும் ஒண்ணுதான் மக்கா. யட்சிதான் இசக்கி."

எனக்குத் தலையில் அடித்த மாதிரி இருந்தது. நான் திருநெல்வேலிப் பக்கம். என் வகுப்பில் மட்டும் மூன்று இசக்கிமுத்து, ஒரு இசக்கியம்மாள். எங்கள் ஊர் எல்லையில் கையில் பிள்ளையோடு நிற்கும் இசக்கிக்குச் சின்ன வயதில் எத்தனை முறை தேங்காய் உடைத்திருப்பேன்! பள்ளிக்கூடப் புத்தகத்தில் அவள் நீலி, பழிச்சொல். ஊர் எல்லையில் அவளே தாய், பிள்ளை வரம் கொடுப்பவள். கோயிலில் தொட்டில் கட்டியிருந்தார்கள். பிள்ளையோடு சேர்த்துக் கொல்லப்பட்டவளிடம் போய்ப் பெண்கள் பிள்ளை கேட்கிறார்கள். யார் முதலில் இப்படி யோசித்தார்களோ தெரியவில்லை. தீர்ப்புச் சொல்ல அவர்களுக்குக் கோர்ட்டும் இல்லை, சட்டமன்றமும் இல்லை. ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, 'நீ தப்பில்லை தாயி' என்று சொல்லியிருக்கிறார்கள்.

ராத்திரி ஒன்பதரைக்குத் திருவனந்தபுரம் திரும்பியதும் ஊரில் இருக்கும் அத்தைக்கு, அப்பாவின் அக்காவுக்கு, போன் போட்டேன். காரணம் இருந்தது. எங்கள் பழைய வீட்டுப் பட்டாசாலையில் உத்தரத்திலிருந்து ஒரு ஓலைப்பெட்டி தொங்கும். உள்ளே சிற்றாடை, கண்ணாடி வளையல், சாந்துப்பொட்டு. எங்கள் வீட்டுக் கன்னி. தாத்தாவின் அத்தையாம். கல்யாணத்துக்கு முன்னாடியே கிணற்றடியில் கால் வழுக்கி விழுந்து செத்துப்போனாள் என்று சொல்லி வளர்த்தார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை புதுத் துணி வைத்துப் பொங்கலிடுவோம். அப்பா போன பிறகு அது நின்றுவிட்டது. நான் அமெரிக்காவில், தம்பி பெங்களூரில்.

"எய்யா, நல்லாருக்கியா? என்ன இந்நேரத்துல?" என்றாள் அத்தை. எண்பது தாண்டியவள்.

"அத்தை, நம்ம வீட்டுக் கன்னி எப்படிச் செத்தா?"

"கெணத்துல கால் வழுக்கி."

"நெசமாவா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"கால் வழுக்குனவளுக்கு எதுக்குய்யா நாம பெட்டி வைக்கணும்?"

அதற்கு மேல் அத்தை எதுவும் சொல்லவில்லை. நானும் நோண்டவில்லை. பெயரை மட்டும் கேட்டேன். அதுகூடச் சட்டென்று வரவில்லை, "இரு, இரு" என்று யோசித்து, ஒரு நிமிஷம் கழித்துச் சொன்னாள். அந்தப் பெயர் தெரிந்த கடைசி ஆள் அவள்தான். ஒரு வருஷம் தாமதித்திருந்தால் அதுவும் போயிருக்கும் என்று நினைத்தபோது, அன்றைய நாளில் முதல் முறையாக எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

திரும்பி வந்து மகளிடம் நீலி கதையைச் சொன்னேன். வன்முறையைக் கொஞ்சம் குறைத்து (தங்கமணி முறைத்தாள்). கடைசி வரை கேட்டுவிட்டு மகள் சொன்னாள், "அப்போ ஷீ வாஸ் நாட் லையிங், அப்பா." அப்புறம் வீட்டுக் கன்னியின் பெயரையும் சொன்னேன். இரண்டு தடவை சொல்லிப் பார்த்து, தன் நோட்டில் தமிழில் எழுதிவைத்துக்கொண்டாள். அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை, மன்னிக்கவும். அது எங்கள் வீட்டுக்குள் இருக்கட்டும். அந்த டிசம்பரில் இந்தியக் கடையில் ஒரு டஜன் கண்ணாடி வளையல் வாங்கி, சாமி அலமாரியில் வைத்தோம். ஓலைப்பெட்டி இங்கே கிடைக்கவில்லை, ஷூ வாங்கிய அட்டைப்பெட்டிதான். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று நினைக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு பெட்டியோ, ஒரு கல்லோ, காரணம் சொல்லாமல் ஏற்றும் ஒரு விளக்கோ இருக்கலாம். அடுத்த முறை ஊருக்குப் பேசும்போது, என்ன சமையல், மழை பெய்ததா என்பதோடு அதையும் கேட்டுவையுங்கள். அத்தைகள் இருக்கும்போதே.